விலைக்கு டிராய், உரிமத்துக்கு அமைச்சகம்

வானலைகள் பொதுச்சொத்து, அவற்றை அரசின் பிடிக்கு வெளியே நிற்கும் தன்னாட்சிப் பொது அமைப்பு ஒன்றே நெறிப்படுத்த வேண்டும். வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படிச் சொன்னது 1995 பிப்ரவரியில். அந்த அமைப்பு இந்தியாவில் இன்றுவரை பிறக்கவில்லை. 2004 ஜனவரியில் ஒளிபரப்பும் கேபிளும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயிடம் வந்தன. ஆனால் வந்தவை விலையும் இணைப்பும்தான். சேனலுக்கு உரிமம் தருவதும் பறிப்பதும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கையிலேயே இருக்கின்றன.

தனக்குக் கிடைத்த எல்லைக்குள் டிராய் என்ன செய்தது? 2017ஆம் ஆண்டுக் கட்டண ஆணை, கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் தனி விலையை அறிவிக்க வைத்தது. ஸ்டார், விஜய் நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை எதிர்த்தன; 2018 அக்டோபரில் டிராய் வென்றது. எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று சந்தாதாரருக்குத் தெரிந்தது பெரிய காரியம். ஆனால் நிறுவனங்கள் தொகுப்புகளுக்கு 70 விழுக்காடு வரை தள்ளுபடி கொடுத்து, தனிச் சேனலை வாங்குவதை அர்த்தமற்றதாக்கின. டிராயே 2019இல் இதைச் சுட்டிக்காட்டியது. தொகுப்பில் சேரும் சேனலுக்கு 2020இல் 12 ரூபாய் உச்சவரம்பு வைத்தது. 2022 நவம்பரில் பழைய 19 ரூபாய்க்கே திரும்பியது. பாதி வெற்றி என்றுதான் இதைச் சொல்ல முடியும்.

டிராயின் பலவீனம் இன்னும் ஆழமானது. மாநில அரசுகள் கேபிள் விநியோகத்தில் இறங்கக் கூடாது என்று 2008இலும் 2012இலும் பரிந்துரைத்தது. ஆனாலும் 2017இல் தமிழ்நாட்டின் அரசு கேபிள் நிறுவனத்துக்கு டிஜிட்டல் உரிமத்தை மத்திய அரசே கொடுத்தது. கட்சிகள் ஒளிபரப்பில் இறங்கக் கூடாது என்று 2014இல் டிராய் மீண்டும் வலியுறுத்தியது. கட்சிச் சேனல்களுக்கு நடுவே செய்தி தேடும் தமிழ்நாட்டுக்காரருக்கு அதன் அருமையை விளக்கத் தேவையில்லை. அதுவும் சட்டமாகவில்லை. டிராயின் பரிந்துரை மத்திய அரசைக் கட்டுப்படுத்தாது என்று டிராய் சட்டமே சொல்கிறது.

உரிமம் அமைச்சகத்தின் கையில் இருக்கும் ஏற்பாட்டின் ஆபத்து மீடியாஒன் வழக்கில் வெளிப்பட்டது. 2022 ஜனவரியில் பாதுகாப்பைக் காரணம் காட்டி அமைச்சகம் அந்த மலையாளச் சேனலுக்கு அனுமதி மறுத்தது. விவரமான காரணங்கள் மூடி முத்திரையிட்ட உறையில் நீதிபதிகளுக்கு மட்டும் போயின. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. நீதிமன்றம் இருக்கிறதே, தனி ஆணையம் எதற்கு என்று கேட்பவர்கள், இடைக்கால உத்தரவு வரும்வரை அந்தத் திரை வாரக்கணக்கில் இருண்டு கிடந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். சிறிய சேனலுக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வசதி ஏது?

சுயஒழுங்கே போதும் என்பதும் நிற்காது. செய்திச் சேனல்களின் அமைப்பு விதிக்கும் அதிகபட்ச அபராதமான 1 லட்சம் ரூபாய் போதுமா என்று 2023இல் உச்ச நீதிமன்றமே கேட்டது.

அதே ஆண்டு நவம்பரில் வந்த ஒளிபரப்பு வரைவு மசோதா ஓர் ஆலோசனைக் குழுவை முன்வைத்தது. உறுப்பினர்களை நியமிப்பது மத்திய அரசு, முடிவெடுப்பதும் அதுவே. இது 1995 தீர்ப்புக்கு நேர்மாறானது, ஏற்கத்தக்கதல்ல. உரிமம் தரும் அதிகாரத்தை அமைச்சகத்திடமிருந்து எடுத்து, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும், காரணத்தை எழுதி வெளியிடும் ஆணையத்திடம் கொடுக்க வேண்டும். எந்தக் கட்சி ஆண்டாலும் உங்கள் தொகுதி எம்.பி.யிடம் இதைக் கேளுங்கள்.