கூலி: அகராதியில் பேசுவோர் யார்?

அகராதி பொருள் கூறுவதோடு நின்றுவிடுவதில்லை. ஒரு சொல்லை எவர் வாயிலிருந்து நாம் கேட்பது என்பதையும் மேற்கோளின் வழியே அது தீர்மானித்து விடுகின்றது. ‘கூலி’ என்னும் சொல்லே இதற்குச் சான்று.

619-ஆம் குறள் அதனை முயற்சியின் பயன் என்னும் உயர்ந்த பொருளில் ஆள்கின்றது. யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ‘ஆப்சன்-ஜாப்சன்’ அகராதியிலோ அது ஆளைக் குறிக்கும் பெயர். ஆண்டு வாரியாக அமைந்த அதன் மேற்கோள்கள் அரியனவே. ஆயினும் அவை பெரும்பாலும் ஐரோப்பியப் பயணிகளும் அலுவலர்களும் எழுதியவை. சுமை சுமந்தவனின் குரல் அவற்றுள் கேட்பதரிது.

மலாயாவுக்கு ஒப்பந்தத்தின்வழி ஆள் சேர்ப்பது 1910-இல் நிறுத்தப்பட்டது, சொல் நிற்கவில்லை. கெடாவில் பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகளின் செவியில் அது ஊதியமாகவும் விழுந்தது, வசையாகவும் விழுந்தது.

அதற்காகச் சொல்லையே நீக்கிவிடுதல் தீர்வாகாது. நீக்கினால் இழைக்கப்பட்ட இழிவுக்குச் சான்றும் உடன் மறையும். கூறியவர் யார், எக்காலத்தில், எவரை நோக்கி என்பன மேற்கோளிலேயே விளங்குதல் வேண்டும். ‘இழிவழக்கு’ என்னும் குறிப்பும் வேண்டும். அச்சொல்லால் சுடப்பட்டவரின் கூற்றும் அருகே இடம்பெறல் வேண்டும். மாணவர் கையில் அகராதியைக் கொடுக்கும் ஆசிரியர், “பொருள் யாது?” என்பதோடு “கூறியவர் யார்?” என்றும் வினவப் பழக்குவாராக.