மீத்தேன், மெத்தனால், மெத்தனல்: துணைக்காலில் தொங்கும் வேதியியல்

"மெத்தனால் கல்லீரலில் மெத்தனலாக மாறுகிறது."

இந்த வாக்கியத்தில் வேதியியல் பிழை எதுவும் இல்லை. ஆனால் தமிழ்வழியில் படிக்கும் ஒரு பதினோராம் வகுப்பு மாணவர் வேகமாகப் படித்தால் அச்சுப்பிழைன்னுதான் நினைப்பார். கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் ஒரே ஒரு துணைக்கால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற சாராயத்தில் இருந்தது மெத்தனால். ஃபார்மலின் கரைசலில் இருப்பது மெத்தனல். அமைப்பு வாய்பாட்டை வரைந்தால் குழப்பமே இல்லை: முதலாவதில் ஒரு கார்பன், அதைச் சுற்றி மூன்று ஹைட்ரஜன், ஒரு ஓஎச். இரண்டாவதில் அதே கார்பனுக்கு இரண்டு ஹைட்ரஜன், இரட்டைப் பிணைப்பில் ஓர் ஆக்சிஜன். படத்தில் இவ்வளவு தெளிவாக இருப்பது பெயரில் ஏன் மங்கிப் போகிறது?

கரிமச் சேர்மத்தின் பெயர் ஒரு சங்கேதம். பெயரைப் பார்த்துப் படம் வரையணும், படத்தைப் பார்த்துப் பெயர் எழுதணும். இரண்டு பக்கமும் போய்வர முடிஞ்சாத்தான் அது உருப்படியான முறை. இதில் உயிரெழுத்துகள் அலங்காரம் இல்லை, தகவல். 1866-இல் ஹாஃப்மன் ஆங்கில உயிர்வரிசையான ஏ, ஈ, ஐ, ஓ, யூ-வையே விகுதிகளாக்கி ஹைட்ரோகார்பன்களுக்குப் பெயர் சூட்டலாம் என்றார். 1892 ஜெனீவா மாநாடு அதில் முதல் மூன்றை எடுத்துக்கொண்டது. ஆல்கஹாலுக்கும் ஆல்டிஹைடுக்கும் கீட்டோனுக்கும் தனித்தனி விகுதி கொடுத்தது. 1930-இல் லியேஜ் விதிகள் முப்பிணைப்புக்கான விகுதியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றின. ஒற்றை எழுத்துக்கு அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள்.

நாம் என்ன செய்தோம்? ஆங்கிலேயர் வாயில் வரும் ஒலியை அப்படியே பிடித்து எழுதினோம். அவர்கள் மீத்தேன் என்று நீட்டினால் நாமும் நீட்டினோம், மெத்தனால் என்று குறுக்கினால் நாமும் குறுக்கினோம். ஈத்தேன், எத்தனால் கதையும் இதேதான். ஆங்கிலத்தில் எழுத்து மாறுவதில்லை. உச்சரிப்பு எப்படிப் போனாலும் 'ஒரு கார்பன்', 'இரு கார்பன்' என்று சொல்லும் வேர் கண்ணெதிரே நிற்கும். தமிழில் அந்த வேரே இரண்டாக உடைந்துவிட்டது. 'மீத்' என்பதும் 'மெத்' என்பதும் ஒன்றுதான் என்று தமிழ்வழி மாணவர் தனியாக மனப்பாடம் செய்யணும். இது வேதியியல் கஷ்டம் இல்லை, நாம் கொடுத்த கஷ்டம்.

(எத்தனால் என்பதைத் தமிழாசிரியர் கையில் கொடுத்தால் எத்தன் + ஆல், மூன்றாம் வேற்றுமை என்று பிரித்துவிடுவார். அதுவும் பொருத்தமாத்தான் இருக்கு.)

எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஈத்தேன், ஈத்தீன், ஈத்தைன் வரிசை அருமை. ஒற்றை, இரட்டை, முப்பிணைப்பு மூன்றும் ஏ, ஈ, ஐ என்று பளிச்சென்று பிரிகின்றன; கையெழுத்தில்கூடக் குழம்பாது. இதே ஒழுங்கைத் தொடராமல் விட்டதுதான் என் குறை.

செய்யவேண்டியது பெரிய வேலை இல்லை. ஒரு வேருக்கு ஓர் எழுத்துக்கூட்டு, ஒரு விகுதிக்கு ஓர் எழுத்துக்கூட்டு. மெத்தேன், மெத்தனால், மெத்தனேல். எத்தேன், எத்தனால், எத்தனேல். ஆல்டிஹைடுக்கு 'அல்'லைவிட 'ஏல்' மேல், ஏனென்றால் 'ஆல்' பக்கத்தில் வைத்தாலும் கண் ஏமாறாது. ரேடியேட்டர் கூலன்ட்டில் இருக்கும் டையாலும், அதற்கு இணையான டையலும் இப்போது ஒரு துணைக்காலில்தான் பிரிகின்றன. டையேல் என்றால் சிக்கல் தீரும்.

'மீத்தேன் என்று டெல்டா முழுக்கப் போராட்டப் பதாகைகளில் எழுதியாச்சு, இனி எப்படி மாத்துவீங்க?' என்று கேட்கலாம். செய்தித்தாள் மீத்தேன் என்றே எழுதட்டும், அங்கே யாரும் வாய்பாடு வரையப் போவதில்லை. பாடநூலில் பெயரிடும் பாடத்துக்கு மட்டும் இந்த ஒழுங்கு போதும். 'உச்சரிப்பு தவறாகிவிடுமே' என்பது இன்னொரு ஆட்சேபம். அமெரிக்கர்கள் மெத்தேன் என்று குறிலில்தான் சொல்கிறார்கள். அவர்கள் வேதியியலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எனக்கே முடிவு தெரியாத இடம் ஒன்று உண்டு. மெத்தில், எத்தில் என்கிறோம். ஆனால் பென்சைல், பினைல் என்கிறோம். விகுதி ஒன்றுதான். 'ஐல்' என்று பொதுவாக்கினால் பக்கத்திலேயே முப்பிணைப்பின் 'ஐன்' இருக்கிறது, ஒற்றெழுத்துதான் காப்பாற்றணும். 'இல்' என்று வைத்தால் ஏழாம் வேற்றுமை வந்து நிற்கும். இப்போதைக்கு என் ஓட்டு மெத்தைலுக்கு.