மொழி மாறினால் அளவுகோலும் மாறுமா?

ஒரே தெருவில் ஒலிபெருக்கி அலறுகிறது. ஒருவர் நன்றாக உறங்குகிறார். அடுத்த வீட்டுக்காரர் தவிக்கிறார். டெசிபல் மீட்டர் இரு வாசலிலும் ஏறக்குறைய ஒரே எண்ணையே காட்டும். அப்படியானால் வேறுபடுவது எது? இரைச்சலை உணரும் இயல்பு.

இவ்வியல்பை அளக்க அமெரிக்க உளவியலார் நீல் வைன்ஸ்டைன் 1978-இல் 21 கூற்றுகள் கொண்ட வினாப்பட்டியலை அமைத்தார். ஒவ்வொரு கூற்றுக்கும் உடன்பாட்டை ஆறு படிகளில் குறிக்கவேண்டும். கல்லூரி விடுதியில் இதைச் சோதித்தபோது, உணர்வு மிக்க மாணவர்கள் தொடக்கத்திலேயே அதிகத் தொல்லையுற்றனர். ஆண்டு செல்லச்செல்ல அத்தொல்லை வளர்ந்தது. மற்றவர்களிடம் மாற்றமில்லை. ஆக, பட்டியலின் மதிப்பெண் மெய்யான வாழ்வோடு பொருந்தியது. இதுவே ஏற்புடைமை.

பின்னர் இப்பட்டியல் ஜப்பானியம், பாரசீகம் முதலிய மொழிகளுக்குச் சென்றது. பெயர்ப்பு சரியானதா என்று காட்ட ஆய்வாளர் முதலில் தருவது கிரோன்பாக் ஆல்ஃபா என்னும் எண். அது 0.8-ஐத் தாண்டினால் பலர் நிறைவடைந்துவிடுகின்றனர். இங்குதான் நாம் நிதானிக்க வேண்டும்.

கணக்கிட்டுப் பாருங்கள். கூற்றுகளுக்கிடையே சராசரி ஒட்டுறவு 0.2 மட்டுமே என்க. 21 கூற்றுகளுக்கு ஆல்ஃபா, 21 × 0.2-ஐ (1 + 20 × 0.2)-ஆல் வகுத்தால் கிடைப்பது, அதாவது 0.84! பத்துக் கூற்றுகளானால் 0.71 தான். எண்ணிக்கையே எண்ணை உயர்த்துகிறது. மேலும், சுழிப்பிழையுள்ள வெர்னியர் பத்து முறை அளந்தாலும் ஒரே தவற்றையே தரும் என்பதை ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கண்டிருப்பீர்கள். நம்பகம் வேறு, ஏற்புடைமை வேறு.

பெயர்ப்பை மீண்டும் மூலமொழிக்கு மாற்றி ஒப்பிடும் முறையும் முழுக் காப்பன்று. தமிழிலேயே பாருங்கள்: 'சத்தம்' வெறும் ஒலியாகவும் இருக்கலாம், 'இரைச்சல்' என்றாலோ வெறுப்பும் உடன் வருகிறது. ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது இரண்டுமே ஒரே சொல்லாகிவிடலாம். பிழை மறைந்துவிடும்.

நல்ல வழியும் உண்டு. இரைச்சல் தொல்லை பற்றிய வினாக்களுக்காக 2001-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று, ஒன்பது மொழிகளில் 'சற்று', 'மிக' போன்ற சொற்களின் வலிமையை அம்மொழி பேசுவோரையே மதிப்பிடச் செய்தது. அகராதியை மட்டும் நம்பவில்லை. அவ்வாறே பெயர்த்த பட்டியலையும் இருமொழியாளரிடம் இரு வடிவிலும் கொடுத்து ஒப்பிடலாம். சில வாரம் கழித்து மீண்டும் கேட்கலாம். டெசிபல் அளந்த இடத்தில் மக்கள் சொல்லும் தொல்லையோடு பொருத்திப் பார்க்கலாம்.

இது வெறும் புள்ளியியல் வாதமன்று. அளவுகோல் பிழையானால், உண்மையில் அவதிப்படுபவரை 'இவர் இயல்பே அப்படி' என்று ஒதுக்கிவிடுவர். ஆகவே ஆல்ஃபாவைக் கண்டதும் நின்றுவிடாதீர்கள். எதனோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள்.