பாட்டின் நீளமும் பாட்டின் நியாயமும்

ராக் இசை அன்பர்கள் நாலு பேர் கூடினால் ஒரு வழக்கு நிச்சயம் எழும். ‘புரோகிரஸிவ் ராக்’ கட்சியினர், “மூணு நிமிஷப் பாட்டில் என்னத்தைச் சொல்லிவிட முடியும்?” என்பார்கள். ‘ஆல்டர்நேட்டிவ் ராக்’ கட்சியினரோ, “இருபது நிமிஷம் வாசித்துவிட்டால் பெரிய விஷயமாகிவிடுமா?” என்று மடக்குவார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குள்ளும் இந்தச் சண்டை உண்டு.

நீலகேசியில் எதிராளியின் கொள்கையை எடுத்துச் சொன்ன பிறகே மறுப்பு வரும். அந்த மரியாதையோடு இரு தரப்பையும் பார்ப்போம்.

முதலில் நீளத்தின் நியாயம். பிங்க் ஃபிளாய்ட் குழுவினர் 1975-இல் வெளியிட்ட ‘விஷ் யூ வேர் ஹியர்’ தொகுப்பில், ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்’ என்ற பாடல் ஒன்பது பகுதிகளாக உள்ளது. தொகுப்பைத் தொடங்கி வைப்பதும் அதுதான், முடித்து வைப்பதும் அதுதான். மனநிலை குலைந்து 1968-இல் குழுவை விட்டுப் போக நேர்ந்த சிட் பாரெட்டை எண்ணிப் பாடியது. முதல் சொல் காதில் விழவே எட்டு நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு முன் டேவிட் கில்மோரின் கிதாரில் நாலே சுரங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இனி வரமாட்டான் என்று தெரிந்தும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கிறது அது. அந்தக் காத்திருப்பை வெட்டிப் பாருங்கள், பாட்டே செத்துப்போகும்.

ஆனால் எல்லா நீளமும் இப்படியா? யெஸ் குழுவின் ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ (1973) இரண்டு இசைத்தட்டு; நாலு பக்கத்துக்கும் சேர்த்து நாலே பாட்டு. பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் நம் சாத்திர நூல்களைப் பற்றி வரும் ஓர் அடிக்குறிப்பே அதற்கு வித்து. நம் நாட்டு விஷயமாச்சே என்று பெருமை வரும், சரிதான். அழகான இடங்களும் உண்டு. ஆயினும் பல இடங்களில் பக்கத்தை நிரப்பவே வாசித்தது போலத் தோன்றுகிறது. அதில் கீபோர்டு வாசித்த ரிக் வேக்மனே மனம் ஒப்பாமல் 1974-இல் குழுவை விட்டு விலகினார்.

இனி எதிர்க்கட்சி. நிர்வாணா குழுவின் ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ (1991) ஐந்தே நிமிஷம். அடிப்படையில் நாலு கார்டுதான். அடங்கிய சரணம், அதை உடைத்துக்கொண்டு வரும் பல்லவி. வாலிபத்தின் எரிச்சல் அத்தனையும் அதற்குள் வந்துவிடுகிறது. இதை இருபது நிமிஷம் இழுத்தால் கோபம் வெறும் புலம்பலாகிவிடும்.

ரேடியோஹெட்டின் ‘பாரனாய்ட் ஆண்ட்ராய்ட்’ (1997) இந்த வேலியையே தாண்டிவிட்டது. ஆல்டர்நேட்டிவ் குழு என்று பேர் வாங்கியவர்கள், வேறுவேறு துண்டுகளை ஒட்டி ஆறு நிமிஷத்துக்கு மேல் போகிற பாட்டைச் செய்தார்கள். பதற்றம், ஆத்திரம், பிறகு இரங்கல் என்று மனம் மாறும் இடங்களில்தான் இசையும் மாறுகிறது. அதனால் ஒட்டு தெரிந்தாலும் உறுத்தவில்லை.

ஆகவே பாட்டை நிமிஷக் கணக்கில் மதிப்பது, தங்கத்தை முழம் போட்டு அளப்பது மாதிரி. “பிடிச்சிருக்கு”, “பிடிக்கலை” என்பது ருசி. அதோடு நின்றால் விமர்சனம் ஆகாது. இதில் ஒரு நிமிஷத்தை எடுத்துவிட்டால் எது குறையும் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடிந்தால் அந்த நீளம் நியாயமானது. அடுத்த முறை பிள்ளைகளோடு வாதம் வரும்போது இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்களேன். சண்டை போய், பாட்டு கேட்பது மிஞ்சும்.