கையில் யாழ், நாவில் மௌனம்

லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் ரிச்சர்ட் சாமுவேல் 1778-ஆம் ஆண்டில் தீட்டிய ஓவியம் ஒன்று உண்டு. அக்கால இங்கிலாந்தின் கல்வியிலும் கலையிலும் சிறந்த ஒன்பது பெண்மணிகள், அப்போலோவின் ஆலயத்தில் கூடிய கிரேக்கக் கலைத்தேவியராக அதில் காட்சியளிக்கின்றனர். ஹன்னா மோர், அன்னா பார்பால்ட், எபிக்டெட்டஸை ஆங்கிலத்தில் பெயர்த்த எலிசபெத் கார்ட்டர் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். பெண்களின் புலமையைப் போற்றிய ஓவியம் என இதனைப் பாராட்டுவர். அப்பாராட்டு தகுதியானதே. ஆயினும் நடுவில் நிற்கும் பெண்ணின் கையிலுள்ள இசைக்கருவி நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

அவர் எலிசபெத் லின்லி. பாத் நகரில் வளர்ந்து, வேதாகமப் பொருள்கொண்ட ஆரட்டோரியோக்களைப் பாடி இளமையிலேயே பெரும்புகழ் எய்தியவர். 1773-இல் நாடகாசிரியர் ஷெரிடனை மணந்தபின், கணவரின் விருப்பத்திற்கிணங்கப் பொதுமேடையில் பாடுவதை விட்டுவிட்டார். ஐந்தாண்டுகள் கழித்து ஓவியர் அவருக்கு அளித்தது லைர் என்னும் பண்டை யாழ். அன்றைய லண்டன் இல்லங்களில் ஒலித்தது ஹார்ப்சிகார்டு. லைரோ பழைய சிற்பங்களினின்று கடன்பெற்ற சின்னம். தொழிலை இழந்தவருக்குச் சின்னம் கிடைத்தது!

இவரையே ஜோஷுவா ரெனால்ட்ஸ் 1775-இல் புனித செசிலியாவாகத் தீட்டினார். அங்கு அவர் சுரக்கட்டைகள் கொண்ட கருவியின்முன் அமர்ந்திருக்கிறார். அருகே சிறுவர் பாடுகின்றனர். அதுவும் புனைவுக் கோலமே. எனினும் அக்கருவி இசைப்பதற்குரியது. அதன் முன் இருப்பவரை இசைவாணராக நாம் அறிந்துகொள்கிறோம். சாமுவேலின் லைரோ அதை ஏந்தியவரை ஒரு வகைமாதிரியாக்கி விடுகிறது. அவ்வோவியத்தின் அச்சுப்படத்தைக் கண்ட கார்ட்டர், அதில் தாம் யார், பிறர் யார் என்று தம்மால் கண்டுகொள்ள இயலவில்லை என மாண்டேகு அம்மையாருக்கு எழுதினார். ஓவியத்தின் குறையை முதலில் உரைத்தவர் அதில் தீட்டப்பெற்றவரே என்பது நோக்கத்தக்கது.

பாபிலோன் ஆறுகளருகே சிறையிருந்தோர் பாட மறுத்துத் தம் கின்னரங்களைத் தாமே மரங்களில் தூக்கிவைத்தனர். அம்மௌனம் அவர்களுடையது. லின்லியின் கையிலோ கருவி இருக்கிறது. மௌனம் பிறர் விதித்தது. ஆதலின், பெண்களின் வரங்களைப் பீடத்திலிருந்து புகழும் நாம், புகழ்ச்சியோடு நின்றுவிடலாகாது. அவ்வரங்களைப் பயன்படுத்த அவர்களுக்கு இடம் தந்தோமா என்று நம்மையே வினவிக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.