ஹீபர் பேராயர்: கல்கத்தாவில் சிலை, திருச்சியில் கல்லறை

ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்குக் காளிகட்டம், தட்சிணேஸ்வரம், விக்டோரியா எல்லாம் காட்டுவோம். விக்டோரியாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் புனித பவுல் பேராலயத்தை மட்டும் விட்டுவிடுவோம். திருச்சி ஹீபர் கல்லூரியில் படித்த என் அக்கா மகனை ஒருமுறை அங்கே கூட்டிப்போனேன். சாண்ட்ரி வடித்த பளிங்குச் சிலையைப் பார்த்ததும், "மாமா, எங்க ஹீபரா இவரு? நல்லவரா?" என்று கேட்டான். பதில் சொல்லத் திணறிப்போனேன்.

ரெஜினால்ட் ஹீபர் 1823-இல் கல்கத்தாவின் இரண்டாம் பேராயராக வந்தார். 1826 ஏப்ரல் 3-இல் திருச்சியில் குளிக்கும்போது இறந்தார், வயது 42. புனித யோவான் ஆலயத்தில் அடக்கம். அவரது பயண நூல் 1828-இல் வெளிவந்தது. வடநாடு அதில் விரிவாக உண்டு. தென்னாட்டை அப்படி எழுத ஆயுள் இடம் கொடுக்கவில்லை.

வாழ்க்கை வரலாறுகள் அவருடைய மென்மையைப் போற்றுகின்றன. அதற்குச் சான்றும் உண்டு. 1824-இல் இதே கல்கத்தாவில் கிறிஸ்தியான் தாவீது என்ற தமிழருக்குக் குருப்பட்டம் அளித்தவர் அவர்தான். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் அப்பட்டம் பெற்றது அதுவே முதல்முறை.

ஆனால் தஞ்சைச் சபையில் சாதிப்படி தனித்தனியே உட்காரும் வழக்கம் பற்றிப் பேச்சு வந்தபோது, அவர் கேள்வி எழுதி விசாரித்தார். கடுமை வேண்டாம் என்ற பக்கமே சாய்ந்தார். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சாதியை உடனே விட்டொழிக்க வேண்டும் என்று கல்கத்தாவிலிருந்து ஆணையிட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர் பலர் வெளியேறினர்.

வில்சன் முரடர், ஹீபர் சாது என்று எழுதிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹீபரின் மென்மை முன்வரிசைக்காரர் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டது. தள்ளி உட்கார்த்தப்பட்டவர் நோவு அப்படியே கிடந்தது. வில்சன் ஆணையாலும் சாதி போய்விடவில்லைதான். என்றாலும் தவறைத் தவறென்று அவர் சொன்னார்.

இது கிறிஸ்தவர் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஊர்விட்டு ஊர் வந்தும், மேடையில் தமிழர் என்போம், சம்பந்தம் பேசும்போது மெதுவாக "நம்மவங்களா?" என்போம். யார் மனமும் நோகக்கூடாது என்று நாமும் மௌனமாக இருந்துவிடுகிறோம்.

மருமகனுக்கு இன்று இப்படிச் சொல்வேன்: "நல்லவருதான் தம்பி. ஆனா அந்த நல்ல மனசு பின்வரிசைக்குப் போய்ச் சேரல."