‘ஐயுறும் இரசாயனி’: போயிலின் நூல் பற்றி ஒரு மதிப்பீடு

மூலகம் என்பதற்கு இன்று வழங்கும் வரைவிலக்கணத்தை முதன்முதல் வகுத்தவர் றொபேட் போயில் என மாணவர்க்குப் பல்லாண்டாகக் கற்பித்து வந்தேன். 1661ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த ‘ஐயுறும் இரசாயனி’ என்னும் அவரது நூலையே பயின்றபொழுது, அக்கூற்றைத் திருத்திக்கொள்ள வேண்டியவனானேன்.

நிலம், நீர், தீ, வளி என நான்கு மூலகங்களை அரித்தோத்திலின் வழியினர் கொண்டனர். உப்பு, கந்தகம், இரசம் என மூன்றனைப் பரசெல்சசின் வழியினர் கொண்டனர். இருசாரார்க்கும் தீயே சான்று. பச்சை விறகு எரியுங்கால் புகை வளியாகவும், சுவாலை தீயாகவும், நுனியிற் கசிவது நீராகவும், சாம்பர் நிலமாகவும் பிரிகின்றன என்றனர் முன்னையோர்.

நூலில் ஐயவாதியாக வரும் காணியாடீசு இச்சான்றையே வினாவுகின்றான். திறந்த நெருப்பில் எரித்த மரம் சாம்பரும் புகைக்கரியும் தருகின்றது. அதனையே வாலையிலிட்டு வடித்தால் எண்ணெயும் புளித்த நீரும் கரியும் கிடைக்கின்றன. அங்ஙனமாயின், தீயானது உள்ளிருந்தவற்றைப் பிரித்ததா, புதியனவற்றை ஆக்கியதா? பொன் எத்தீக்கும் பிரிந்து கொடுப்பதில்லை. மணலையும் சாம்பரிற் பெறும் உப்பையும் தீ கண்ணாடியாகச் சேர்க்கின்றதேயன்றிப் பிரிக்கின்றதில்லை. இத்தகைய வினாக்களே நூலின் உயிர்.

குறைகளும் உள. உரையாடலாய் அமைந்த நூலில் எதிர்வாதிகள் இருவரும் தொடக்கப் பகுதியோடு மறைந்துவிட, நடுநிலையாளனாகிய எலூதீரியசே எஞ்சுகின்றான். ஆதலால் வாதம் ஒருபக்கமாகின்றது. கூறியது கூறலும் மிகுதி.

இனி, வரைவிலக்கணத்தை நோக்குவோம். கலப்பற்ற, எளிய முதற்பொருள்களே மூலகங்கள் எனப் போயில் எழுதியது உண்மையே. ஆயினும் அஃது அக்கால இரசாயனிகள் கொண்ட கருத்தே என அவரே குறிக்கின்றார். அத்தகைய பொருள்கள் உளவோ எனவும் ஐயுறுகின்றார். மூலகங்கள் இவையெனப் பட்டியலும் தந்திலர். மேலும் பகுக்க இயலாதவற்றையே மூலகமெனக் கொண்டு, 1789இல் 33 பொருள்களை நிரற்படுத்தியவர் இலவாசியே. அப்பட்டியலிலும் ஒளியும் வெப்பமும் இடம்பெற்றன.

எனவே போயிலின் பெருமை ஒரு விடையில் இல்லை. பிறர் ஐயமின்றி ஏற்ற சான்றைச் சோதித்தமையிலேயே உளது. அவர் பெயரால் ஒரு வாக்கியத்தை மனனஞ் செய்வித்துப் புள்ளி வழங்கும் ஆசிரியராகிய நாம், அவர் எதனை எதிர்த்தாரோ அதனையே செய்கின்றோம். அவ்வாக்கியத்தை ஒப்புவிக்குமுன், ‘இதற்குச் சான்று யாது?’ என வினாவும் மாணவனே போயிலைக் கற்றவனாவான்.